நெகட்டிவ் என்ற சொல்லின் பாடபேதங்கள்

என் சித்தி மகள் பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டை ஒட்டியே தறிக்கூடம், எட்டுத் தறி. தார் சுற்றுவதும் அறுந்த நூலை முடிவதும் அவள் வேலை. முப்பது வயதுக்குள் காலையில் விரல் கணுக்கள் மடங்க மறுத்தன. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இல்லாமல் சோறு இறங்காது. பஞ்சுத் தூசிதான் காரணம் என்றார்கள், பிறகு ரத்தசோகை என்றார்கள். கடைசியில் ஒரு மருத்துவர் ஏ.என்.ஏ. என்ற பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுத்தது உள்ளூரில். சோதித்தது எங்கோ ஒரு பெருநகரத்தில். மூன்றாம் நாள் வந்த தாளில் ‘நெகட்டிவ்’ என்று ஒரு சொல்.

மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, “பெரிசா ஒண்ணும் இல்லைம்மா” என்றார். மாமியார் அக்கம்பக்கத்தில், “ஒண்ணுமே இல்லையாமா” என்றார். அவள் வீட்டுக்காரர், “அப்பறம் எதுக்கு நடிக்கறே?” என்று கேட்டார். மூலம் ஒன்று, உரைகள் மூன்று. ‘பெரிசா’ என்ற அடைமொழி இரண்டாம் உரையில் விழுந்துவிட்டது. மூன்றாம் உரையில் சந்தேகம் குற்றச்சாட்டாகவே ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவள் வலியைச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

மூத்தது பெண் குழந்தை, குறையில்லாமல் பிறந்திருந்தாள். இரண்டாவது கர்ப்பத்தின் 22-ஆம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது, நிமிடத்துக்கு 120-க்கு மேல் துடிக்க வேண்டிய குழந்தையின் இதயம் 58 முறைதான் துடித்தது. அதற்கப்புறம்தான் வேறொரு முறையில் அவள் ரத்தத்தைப் பார்த்தார்கள். ‘ரோ’ என்ற எதிர்ப்பொருள் மிக வலுவாக இருந்தது. தாயின் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியே போய்க் குழந்தையின் இதயத்துக்குள் மின்துடிப்பு ஓடும் பாதையைத் தாக்குகிற எதிர்ப்பொருள் அது. குழந்தை பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் போயிருந்தபோது அந்தப் பழைய தாளை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். “அக்கா, நீங்க படிச்சவங்க. அப்ப மொதல்ல வந்த பேப்பர் பொய்யுங்களாக்கா?”

நான் படித்தது தமிழ். ஆனாலும் ஒரு தாளை எப்படி வாசிப்பது என்பதுதானே என் தொழில்.

1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஒரு சுவடியை நம்பவில்லை. ஊர் ஊராகத் தேடிய ஏடுகளை அடுக்கி வைத்து, ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருப்பதைக் குறித்துக்கொண்டு, எது கவிஞர் எழுதியது, எது எழுதுகிறவரின் கை தவறியது என்று தேர்ந்தார். எம்.ஏ. வகுப்பில் பதிப்பியல் நடத்தும்போது நான் முதலில் சொல்வது இதுதான்: பாடபேதத்தைக் காட்டாத பதிப்பு நேர்மையான பதிப்பு ஆகாது. என் மடியில் இருந்த தாள் அப்படிப்பட்ட ஒரு பதிப்பு. எந்த ஏட்டைப் பார்த்து எழுதியது என்பதே அதில் தெளிவாக இல்லை. மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு சுருக்கக் குறியும் ‘1:100’ என்ற எண்ணும் இருந்தன. அவ்வளவுதான்.

ஏ.என்.ஏ. என்பது ஏதோ ஒரே பரிசோதனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரு கேள்வியின் பெயர்: இந்த ரத்தத்தில், உயிரணுவின் உட்கருவை அந்நியம் என்று எண்ணித் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா? லூபஸ், ஷோகிரென், ஸ்க்லீரோடெர்மா என்று இணைப்புத் திசு நோய்கள் என ஒரு குடும்பம் உண்டு. அவற்றில் பலவற்றுக்கும் இதுதான் வாசல் கேள்வி. ஆனால் இதைக் கேட்கிற வழிகள் பல, அந்த வழிகள் எப்போதும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

பழைய வழி ஒளிர்வு முறை. 1957-ல் தொடங்கியது. கண்ணாடிச் சில்லில் மனித உயிரணுக்களைப் படிய வைத்து, அதன்மேல் நீர்த்த ரத்த நீரை ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். பச்சையாய் ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டு, இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்ப்பார்கள். உட்கரு முழுதும் ஒரே சீராக ஒளிர்கிறதா, புள்ளி புள்ளியாகவா, விளிம்பில் மட்டுமா என்று பார்ப்பதற்கே ஓர் இலக்கணம் உண்டு. பன்னாட்டு வல்லுநர்கள் அந்த வடிவங்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். எவ்வளவு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது என்பது அடுத்த கணக்கு: 1:80, 1:160, 1:320. பின்னெண் ஏற ஏற எதிர்ப்பொருள் அதிகம் என்று பொருள். பார்க்கிற கண் மனிதக் கண்; நாள் முழுதும் இருட்டறையில் உட்கார்ந்து மங்கலா வெளிச்சமா என்று முடிவுசெய்யும் டெக்னீஷியனின் கண். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகத் தோன்றலாம்.

அடுத்தது எலிசா. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், தெரிந்த சில புரதங்களை மட்டும் பூசி வைப்பார்கள். எதிர்ப்பொருள் ஒட்டினால் நிறம் மாறும். அந்த நிறத்தை இயந்திரம் எண்ணாக்கித் தரும். கண் வேண்டாம், இருட்டறை வேண்டாம், ஒரே நேரத்தில் நிறையப் பேருடைய ரத்தத்தைப் பார்க்கலாம். ஆனால் குழியில் பூசாத புரதத்துக்கு எதிரானது அதற்குத் தெரியவே தெரியாது. ஒளிர்வு முறையில் ஒரு முழு உயிரணு, அதாவது நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் ஒருசேர நிற்கின்றன. முழு உயிரணு பேச்சு வழக்கு மாதிரி. எலிசா ஒரு கையகராதி மாதிரி. அகராதியில் சொல் இல்லை என்பதால் ஊரில் அந்தச் சொல் இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் கல்லூரி, ஏ.என்.ஏ.வுக்கு ஒளிர்வு முறையே உரைகல் என்றும், வேறு முறையைக் கையாளும் ஆய்வகம் அதை அறிக்கையில் சொல்ல வேண்டும் என்றும் 2009-லேயே சொல்லிவிட்டது.

இதைப் படித்தவுடன் எனக்கு ஒரு கோபம் வந்தது: மலிவான முறையில் பார்த்து ஏமாற்றியிருப்பார்கள். அந்தச் சுருக்கக் குறிக்குப் பொருள் தெரிந்தபோது கோபம் தடுமாறிவிட்டது. அவளுக்குச் செய்தது அந்த உரைகல் முறையேதான்.

உரைகல்லுக்கும் ஒரு குருட்டு மூலை உண்டு. உயிரணுக்களைச் சில்லில் பதிய வைக்க அவற்றை ரசாயனத்தில் நனைத்துப் பதப்படுத்துகிறார்கள். அப்போது ரோ புரதம் பெரும்பாலும் கரைந்து வெளியேறிவிடுகிறது. இலக்கு இல்லாத இடத்தில் எதிர்ப்பொருள் எதன்மேல் ஒட்டும்? ரோ மட்டும் உள்ள பெண் ஒளிர்வு முறையில் நெகட்டிவ் ஆகிவிடலாம். இதற்காகவே ரோ புரதம் கூடுதலாக உருவாகும்படி மாற்றிய உயிரணுக்களைப் பிற்காலத்தில் உண்டாக்கினார்கள். தசையைத் தாக்கும் ஒரு நோயோடு சேர்ந்த ஜோ-1 என்ற எதிர்ப்பொருளின் கதை வேறு. அது உட்கருவுக்கு வெளியே ஒளிரும். ‘உட்கருவில் ஒளிர்கிறதா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் பதில். கண்முன்னே பச்சையாக மின்னிக்கொண்டிருந்தாலும் தாளில் நெகட்டிவ்.

இரண்டாவது முறை அவளுக்குச் செய்தது வரி முறை. நீளமான ஒரு பட்டையில் ரோ, லா, எஸ்.எம். என்று ஒவ்வொரு புரதத்தையும் ஒவ்வொரு கோடாகப் பதித்திருப்பார்கள். அவளுடைய பட்டையில் இரண்டு கோடுகள் கருத்திருந்தன. முதல் தாள் பொய் சொல்லவில்லை. தன் ஏட்டில் அந்த வரி இல்லை என்றது. அதைச் ‘செய்யுளிலேயே இல்லை’ என்று படித்தவர்கள் நாம்.

லூபஸைத் தேடுகிறவர்கள் இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருளுக்கும் இப்படி மூன்று ஏடுகளை ஒப்பிடுகிறார்கள். எலிசா நிறையப் பிடிக்கும், வேண்டாததையும் சேர்த்துப் பிடிக்கும். பூச்சிகளின் குடலில் வாழும் கிரித்திடியா என்ற ஒற்றை அணு உயிரியை வைத்துப் பார்க்கும் முறை குறைவாகப் பிடிக்கும், ஆனால் பிடித்ததை நம்பலாம். கதிரியக்கப் பொருள் வைத்துச் செய்த ஃபார் முறையும் நம்பகமானதுதான், ஆனால் அந்தக் கதிரியக்கத்தாலேயே பெரும்பாலும் வழக்கொழிந்தது. எந்த ஒன்றையும் ‘சிறந்தது’ என்று தனியே சொல்ல முடியாது. யாரிடம், எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்தத் தேடலில் நான் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணாடிச் சில்லில் படிய வைக்கிற மனித உயிரணுக்கள் என்று சொன்னேனே, அவற்றின் பெயர் ஹெப்-2. முன்பு எலியின் ஈரல் துண்டுகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெப்-2-வின் உட்கரு பெரிது. ஓயாமல் பிரிந்துகொண்டும் இருப்பதால், பிரியும் நேரத்தில் மட்டும் தெரிகிற எதிர்ப்பொருள்களையும் காட்டும். அதனால் உலகெங்கும் பரவிவிட்டது. 1950-களில் ஓர் ஆணின் குரல்வளைப் புற்றுநோயிலிருந்து வளர்த்தது என்று ஆவணங்கள் சொல்லின. 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், ஆய்வகங்களில் வளரும் பல உயிரணு வகைகள் உண்மையில் வேறொன்றால் கலந்து அழிந்துபோனவை என்று காட்டினார். ஹெப்-2-வும் அப்படித்தான் என்பது பிற்பாடு மரபணுச் சோதனைகளில் உறுதியானது. அந்த வேறொன்று ஹீலா.

ஹென்ரியட்டா லாக்ஸ். வெர்ஜீனியாவின் புகையிலை வயல்களில் வளர்ந்த கறுப்பினப் பெண். ஐந்து குழந்தைகளின் தாய். 1951-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, அவளைக் கேட்காமல் எடுத்த திசுவிலிருந்து வளர்ந்தவை ஹீலா உயிரணுக்கள். அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் இறந்தாள். அவள் குடும்பத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் எதுவும் தெரியாது. உயிரணுவுக்கு அவள் பெயரின் முதல் எழுத்துக்களை வைத்தவர்கள், கேட்டவர்களுக்கு ‘ஹெலன் லேன்’ என்று பொய்ப்பெயர் சொன்னார்கள். அவற்றை விற்றுப் பொருளீட்டிய நிறுவனங்களில் ஒன்றோடு அவள் வாரிசுகள் உடன்பாட்டுக்கு வந்தது 2023-ல்தான்.

ஆணின் தொண்டை என்று எழுதி வைத்த இடத்தில் இருந்தது ஒரு பெண்ணின் கருப்பை வாய். சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு பெண் கை நீட்டி ரத்தம் கொடுத்து, அது ஒளிர்வு முறைக்குப் போனால், அந்த ரத்தத்தைத் தொட்டு அடையாளம் சொல்வது ஹென்ரியட்டாவின் உயிரணு. உடனே இதில் தோழமை, சகோதரித்துவம் என்றெல்லாம் எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவளை யாரும் கேட்கவில்லை. கொடுக்காததைக் கொடை என்று நாம் புகழ்ந்தால், எடுத்தவர்களின் வேலையை எளிதாக்குகிறோம்.

இந்தத் துறையின் பெயரிடல் முழுக்கவே இப்படித்தான் இருக்கிறது. 1966-ல் டானும் கங்கலும் கண்டறிந்த எஸ்.எம். எதிர்ப்பொருள், ஸ்டெஃபனி ஸ்மித் என்ற லூபஸ் நோயாளியான இளம்பெண்ணின் பெயர். ரோ, லா, ஜோ எல்லாமே நோயாளிகளின் பெயரிலிருந்து நறுக்கிய துண்டுகள். நோய்களுக்கோ ஷோகிரென் என்று மருத்துவரின் முழுப்பெயர். 1948-ல் லூபஸுக்கு முதல் ஆய்வக அடையாளமான எல்.இ. செல்லைக் கண்டவர் ஹார்க்ரேவ்ஸ் என்று பாடநூல் சொல்லும். அந்தக் கட்டுரையில் அவரோடு கையெழுத்திட்ட ஹெலன் ரிச்மண்டை எத்தனை பேருக்குத் தெரியும்? கண்டவருக்கு முழுப்பெயர், ரத்தம் கொடுத்தவருக்கு இரண்டெழுத்து.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, ‘பரிசோதனையை நம்பாதே, உன் உடலை நம்பு’ என்று முடிப்பது சுலபம். பெண்ணியக் கூட்டங்களில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் என் வகுப்பிலேயே அதற்கு மறுப்பு உட்கார்ந்திருந்தது.

இரண்டாமாண்டு மாணவி. முடி கொட்டுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனவளுக்கு ஒரு பெரிய தொகுப்பாக ரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:100. அவள் அப்பா செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. எப்படியோ பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போனது, நிச்சயதார்த்தம் நின்றது. அவள் என் அறைக்கு வந்து, “மிஸ், நான் செத்துருவனா?” என்று கேட்டாள்.

1997-ல் டான் தலைமையில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து, எந்த நோயும் இல்லாதவர்களின் ரத்தத்தைப் பார்த்தன. 1:40 நீர்ப்பில் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ். 1:80-ல் 13.3 சதவீதம். 1:160-ல்கூட நூற்றுக்கு 5 பேர். டி.எஃப்.எஸ்.70 என்று ஒரு வகை உண்டு. அது மட்டும் தனியே இருந்தால் பெரும்பாலும் நோய் எதையும் குறிப்பதில்லை, நலமாக இருக்கும் இளம்பெண்களிடம் சாதாரணமாகக் காணலாம். 2019-ல் வந்த லூபஸ் வகைப்பாடு ஏ.என்.ஏ. 1:80-ஐ நுழைவு நிபந்தனையாக வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது வாசல். உள்ளே காய்ச்சல், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டித்தான் முடிவுக்கு வரவேண்டும். வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர்களா?

அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். ஏ.என்.ஏ. இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. முதல் பக்கம், மூன்றாவது வரி: ஹீமோகுளோபின் 8.1. முடி கொட்டுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் அந்த வரி போதும். வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. பெண்ணுக்கு ரத்தம் குறைவாக இருப்பது நம் ஊரில் படிக்கத் தகுந்த செய்தி இல்லை போலிருக்கிறது. பிறகு பார்த்த வாதநோய் மருத்துவர் லூபஸுக்கு எந்தக் குறியும் இல்லை என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். நின்றுபோன கல்யாணம் நின்றதுதான். அவள் இப்போது பி.எட். படிக்கிறாள், ஒரு விதத்தில் நல்லதுதான் என்று எனக்கு ரகசியமாக ஒரு எண்ணம்.

ஒருத்திக்கு நெகட்டிவ், ஒருத்திக்குப் பாசிட்டிவ். இரண்டு சொற்களையும் வீடு ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்திக்கொண்டது. லூபஸில் பிள்ளைபெறும் வயதினரை எடுத்தால், ஓர் ஆணுக்கு ஒன்பது பெண்கள் என்பது கணக்கு. இவ்வளவு பெண்கள் வரிசையில் நிற்கிற ஒரு நோயில், பரிசோதனைத் தாள் எந்நேரமும் நடத்தைச் சான்றிதழாக மாறிவிடுகிற அபாயம் இருக்கிறது. இந்த ஒன்பதுக்கு ஒன்று ஏன் என்பதற்கு ஹார்மோன் என்ற பதிலே நெடுங்காலம் இருந்தது. 2024-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பெண் உடலின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அமைதியாக்கும் ஆர்.என்.ஏ.வையும் அதைச் சுற்றியுள்ள புரதங்களையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். அந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் நோயாளிகளிடம் இருந்தன. ஆண் உயிரணுவில் அந்த ஆர்.என்.ஏ. பொதுவாக இல்லை. பெண் உயிரணுக்களையே வைத்து இதை முன்னமே தேடியிருக்கலாமே என்று தோன்றியது. ஹெப்-2-வும் பெண்தான், ஆனால் ஆண் என்று எழுதி வைத்திருந்தார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

என் பங்குக்கு நானும் ஒரு தவறு செய்தேன். சித்தி மகளின் குழந்தை போன வருடம் ஒரு கவிதை எழுதினேன்: தன்னையே தின்னும் உடல், அந்நியனாகிவிட்ட அகம் என்கிற தோரணையில். சிற்றிதழில் வந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள். நோயை உருவகமாக்குவது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்று சூசன் சொண்டாக் 1978-லேயே எழுதியதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் கவிதையைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

“நான் எங்கக்கா என்னைத் தின்னேன்? எனக்குத் தெரியாம எங்கியோ நடக்குது. நீங்களும் எம்மேலதான் பழி போடறீங்க.”

மாமியாரின் உரைக்கும் என் கவிதைக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. அந்தக் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை.

மூன்றாவது முறை கர்ப்பமானபோது, தொடங்கும் முன்பிருந்தே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரோ இருக்கிற தாய்மார்களில் நூற்றுக்கு ஓரிருவரின் குழந்தைக்குத்தான் இதய அடைப்பு வரும். ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த முறை வருவது 16-லிருந்து 20 சதவீதம் வரை. மாத்திரை அதைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது. 16-ஆம் வாரத்திலிருந்து அடிக்கடி ஸ்கேன். பேருந்தில் அவளோடு போகிற வேலை எனக்கு. ஒவ்வொரு முறையும் அவள் திரையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் கேட்பாள். 140. 144. 138. பையன் ஆடி மாசம் பிறந்தான்.

போன மாதம் மூத்தவளுக்கு முழங்கால் வீங்குகிறது என்று ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போனாள். நானும் போயிருந்தேன். பதினோரு வயதுப் பெண், ஊசியைப் பார்க்காமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்த பெண் குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, சித்தி மகள் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது.

“ஏனுங்க, இது எந்த முறையில பாப்பீங்க? ஒளிர்வா, எலிசாவா? எத்தனை மடங்கு கலக்கறீங்கன்னும் பேப்பர்ல பெரிசா எழுதித் தரச் சொல்லுங்க. நெகட்டிவ்னு வந்தா ரோ தனியாப் பாக்கணும், அதுக்கும் ரத்தம் இருக்குதுங்களா?”

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். “இருங்கக்கா, கேட்டுச் சொல்றேன்” என்று போனை எடுத்தாள்.